கைநழுவிய திமிங்கிலமும் கைக்கு வந்த திமிங்கிலமும்

இறந்த திமிங்கிலம் ஒன்று கரை ஒதுங்கினால் என்ன செய்வது? "புதைத்துவிட வேண்டியதுதானே" என்று சட்டென்று சொல்லிவிடுவோம். ஆனால் அது அவ்வளவு எளிதல்ல. அழுகும் உடலுக்குள் வாயு சேர்ந்துகொண்டே போகும். 2004 ஜனவரியில், தைவானின் தைனான் நகரில், லாரியில் கொண்டுபோன திமிங்கிலம் நடுச்சாலையில் வெடித்தது. 1970 நவம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் சுமார் அரை டன் டைனமைட் வைத்துத் தகர்த்துப் பார்த்தார்கள். பறந்து விழுந்த சதைத்துண்டு ஒரு காரை நசுக்கியது. உடலின் பெரும்பகுதியோ கிடந்த இடத்திலேயே கிடந்தது!

நம் வட்டாரத்தில் நடந்தது வேறு. 1892இல் மலாக்கா கரையோரம் ஒரு பெரிய திமிங்கிலம் ஒதுங்கியது. அதன் எலும்புக்கூடு சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் அரும்பொருளகத்துக்கு வந்து, 1907 முதல் கூரையிலிருந்து தொங்கியது. 40 அடிக்கும் அதிக நீளம். அதை அண்ணாந்து பார்த்து வளர்ந்த தலைமுறைகள் உண்டு.

பின்னர் அரும்பொருளகத்தின் கவனம் வரலாறு, கலை பக்கம் திரும்பியது. விலங்கு மாதிரிகளுக்கு அங்கே இடமில்லாமல் போனது. 1974இல் திமிங்கிலம் கோலாலம்பூர் தேசிய அரும்பொருளகத்துக்குக் கைமாறி, பிறகு லாபுவானுக்குப் போய்ச் சேர்ந்தது. மலேசியா அதைக் காப்பாற்றியது. சிங்கப்பூரில் வெற்றிடமே மிஞ்சியது.

41 ஆண்டுகள் கழிந்தன. 2015 ஜூலை 10ஆம் தேதி, ஜூரோங் தீவுக்கு அப்பால் ஒரு பெண் திமிங்கிலத்தின் உடல் மிதந்தது. நீளம் 10.6 மீட்டர். ஆழ்கடலில் வாழும் ஸ்பெர்ம் வகை. லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் திறந்து அப்போது சில மாதங்களே ஆகியிருந்தன. அதன் ஊழியர்கள் இம்முறை விடவில்லை. உடலைத் துவாஸுக்குக் கொண்டுவந்து, துர்நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு சதையை அறுத்தெடுத்து, எலும்புகளைச் சுத்தம் செய்தார்கள். நாட்டின் பொன்விழா ஆண்டு என்பதால் 'ஜூபி லீ' என்று செல்லப்பெயரும் சூட்டினார்கள். 2016இல் எலும்புக்கூடு மக்கள் பார்வைக்கு வந்தது.

முதுகில் பெரிய காயம். கப்பல் மோதியிருக்கலாம் என்பது கணிப்பு. வயிற்றில், அது தின்ற கணவாய்களின் அலகுகளோடு பிளாஸ்டிக் குப்பையும் இருந்தது. உடலை அப்படியே புதைத்திருந்தால் இந்த உண்மைகளும் மண்ணுக்குள் போயிருக்கும்.

லாபுவானுக்குப் போனாலும் சிங்கப்பூருக்கு வந்தாலும், பிள்ளைகளை அழைத்துச் சென்று அந்த எலும்புக்கூடுகளைக் காட்டுங்கள். ஜூபி லீயின் வயிற்றில் கிடந்த நம் குப்பையைப் பற்றியும் மறக்காமல் சொல்லுங்கள்.