கோப்பெங்: ஈயம் போன பிறகு

பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில், தித்திவாங்சா மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது கோப்பெங். கிந்தா பள்ளத்தாக்கின் மூத்த ஊர்களில் இதுவும் ஒன்று. ஈப்போ பேர்பெற்ற நகரமாவதற்கு முன்பே இங்கே சந்தையும் கடைவரிசையும் இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சுமத்திராவிலிருந்து வந்த மண்டைலிங் மக்களும், பின்னர் திரளாக வந்த சீனர்களும் இங்கே ஈயம் எடுத்தார்கள். 1874ஆம் ஆண்டின் பங்கோர் ஒப்பந்தத்துக்குப் பிறகு பேராக்கில் பிரிட்டிஷ் நிர்வாகம் கால் ஊன்றியதும் முதலாளிகள் வரத் தொடங்கினார்கள். சுரங்கத் தொழிலாளர்களுக்கு மருந்து விற்க யூ கோங் என்பவர் 1879இல் இங்கே திறந்த சிறு கடைதான், இன்று ஆசிய நகரங்கள் பலவற்றில் கிளை பரப்பியிருக்கும் யூ யான் சாங் நிறுவனத்தின் தொடக்கம். ஊரில் பிறந்த செல்வம் ஊரில் தங்காமல் வெளியே போனதற்கு அதுவே முதல் உதாரணம் என்றும் சொல்லலாம்.

கோப்பெங்கில் ஈயத்தாது வண்டல் மண்ணோடு கலந்து கிடந்தது. அதைப் பிரித்தெடுக்கத் தண்ணீர் வேண்டும். ஆகவே இந்த ஊருக்கென்று போடப்பட்ட முதல் பெரிய திட்டம் தண்ணீர்த் திட்டமாக இருந்தது. 1890களில், இங்கிலாந்தின் சுரங்கப் பகுதியான கார்ன்வாலைச் சேர்ந்தவர்களின் முதலீட்டில் ஒரு கம்பெனி இங்கே தொழில் தொடங்கியது. பின்னாளில் கோப்பெங் கன்சாலிடேட்டட் என்று பெயர்பெற்ற அந்தத் தொழிலை ஆஸ்பர்ன் அண்ட் சாப்பல் என்ற பொறியியல் நிறுவனம் நடத்தியது. மலை ஓடைகளை மறித்து, பெரிய இரும்புக் குழாய்களில் தண்ணீரைப் பல கிலோமீட்டர் இறக்கிக் கொண்டுவந்தார்கள். உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீருக்கு இயற்கையாகவே விசை உண்டு, எஞ்சின் வேண்டியதில்லை. குழாயின் முனையில் பூட்டிய, எந்தப் பக்கமும் திருப்பக்கூடிய இரும்புக் குழலுக்கு மோனிட்டர் என்று பெயர். அதிலிருந்து பீறிடும் தண்ணீர் மண்மேட்டை அறுத்துச் சேறாக்கும். அந்தச் சேற்றை மேலேற்றிப் பாலோங்கில் விடுவார்கள். பாலோங் என்பது உயரமான கால்களின்மேல் சாய்வாகக் கட்டிய நீண்ட மரவாய்க்கால். அதன் தரையில் குறுக்கே கட்டைகள் அடித்திருக்கும். கனமான ஈயத்தாது அந்தக் கட்டைகளுக்குப் பின்னால் படிந்துவிட, மணலும் சேறும் அடித்துக்கொண்டு போகும். தப்பியோடிய தாதை ஆற்றில் இடுப்பளவு நீரில் நின்று டூலாங் தட்டில் அரித்து எடுத்தவர்கள் பெரும்பாலும் சீனப் பெண்கள்.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் இது பாராட்டத்தக்க ஏற்பாடு. தண்ணீர் எங்கிருந்து வரவேண்டும் என்பதைக் கணக்குப்போட்டவர்கள், வெளியேறும் சேறு எங்கே போய்ச் சேரும் என்பதில் அதே அக்கறையைக் காட்டவில்லை என்பதுதான் குறை. மணல் படிந்து ஆற்றுப்படுகைகள் உயர்ந்தன. வெள்ளம் வயல்களிலும் ஊர்களிலும் ஏறியது. தோண்டிய பள்ளங்களில் நீர் நிரம்பி, லம்பங்கள் எனப்படும் பழைய ஈயச் சுரங்கங்கள் குளங்களாயின. ஈப்போவுக்கான ரயில் பாதையும் 1890களில் கோப்பெங்கைத் தொடாமல் பத்துகாஜா பக்கமாகப் போய்விட்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியபோது, கங்காணிகள் மூலம் தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு ஆட்கள் வந்து இறங்கினார்கள். கோப்பெங்கிலிருந்து பத்துகாஜா போகும் சாலையில், ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித்தின் கிந்தா கெல்லாஸ் தோட்டம் இருந்தது. 1915இல் அவர் தொடங்கிய மாளிகையைக் கட்டியவர்களில் சென்னை மாகாணத்திலிருந்து வந்த தமிழர்கள் பலர். வேலையாட்கள் கொள்ளைநோயில் மடிந்தபோது, மாரியம்மனுக்குக் கோயில் எழுப்ப அவர்கள் கேட்க, ஸ்மித் கட்டிக்கொடுத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கோயில் இன்றும் இருக்கிறது. அதன் உச்சியில் தெய்வ உருவங்களோடு மேல்நாட்டு உடையில் ஒரு மனித உருவமும் நிற்கிறது. ஸ்மித் 1926இல் லிஸ்பனில் இறந்தார். அரைகுறையாய் நின்ற மாளிகையைப் பார்க்க இன்று சுற்றுலாப் பயணிகள் டிக்கெட் எடுக்கிறார்கள். மாளிகை பெற்ற கவனத்தில் ஒரு பங்குகூட அதைக் கட்டியவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களுக்குக் கிடைக்கவில்லை.

தோட்டமும் ஒரு திட்டமிட்ட ஊர்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம், லயம், கோயில், கள்ளுக்கடை, தமிழ்ப்பள்ளி எல்லாம் ஓர் ஒழுங்கில் அமைந்தன. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், போதிய பிள்ளைகள் இருக்கும் தோட்டங்களில் பள்ளி நடத்துவதை நிர்வாகத்தின் கடமையாக்கியது. ஆனால் வீடு வேலையோடு ஒட்டியிருந்தது. வேலை போனால் வீடும் போகும். இரண்டு தலைமுறை பால்மரம் சீவிய குடும்பத்துக்கும் காலடியில் ஒரு சாண் நிலம் சொந்தமில்லை.

அதன் விளைவு 1950களில் தெரிந்தது. சுதந்திரம் நெருங்க, வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் துண்டுபோட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று மலேசியத் தமிழர் இன்றும் வேதனையோடு சொல்வது இதைத்தான். 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலை ஆராய்ந்த உங்கு அசிஸ், தொழிலாளர்கள் பட்ட இழப்பை விரிவாகப் பதிவு செய்தார். இதற்கு எதிராக எழுந்த ஒரே பெரிய திட்டம் தமிழர்களிடமிருந்தே வந்தது. பேராக்கின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களிடம் மாதாமாதம் பங்குப் பணம் திரட்டி, விற்பனைக்கு வந்த தோட்டங்களைச் சங்கமே வாங்குவது அதன் வழி. முதல் தோட்டமாக 1961இல் கெடாவின் புக்கிட் சிடிம் வாங்கப்பட்டது. எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்றும் வலு சங்கத்துக்கு இருக்கவில்லை. ஆனால், குடியிருப்பவனே நிலத்துக்கு உடையவனாக வேண்டும் என்ற அதன் அடிப்படை சரியானது. அதைச் செய்து காட்டியவர்கள் கூலி வாங்கிய மக்கள்.

ஈயத்தின் முடிவு திடீரென்று வந்தது. 1985 அக்டோபர் 24 அன்று, ஈய விலையைத் தாங்கிப் பிடித்துவந்த சர்வதேச ஈய மன்றத்திடம் பணம் தீர்ந்துபோக, லண்டனில் ஈய வணிகம் நிறுத்தப்பட்டது. விலை பாதாளத்துக்குப் போனது. கிந்தாவின் லம்பங்கள் அடுத்தடுத்து மூடின. இளையவர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். ரப்பர் இருந்த இடங்களில் செம்பனையும் வீடமைப்பும் வந்தன.

இதே பேராக்கின் கடற்கரையில் நிலைமை வேறு. கோலா செபெத்தாங் மீனவ ஊரைச் சூழ்ந்த மாத்தாங் சதுப்புநிலக் காடு ஏறத்தாழ 40,000 ஹெக்டேர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அது எழுத்து வடிவான வேலைத்திட்டத்தின்படி நடத்தப்படுகிறது. ஒரு துண்டை வெட்டினால் மறுபடி வெட்ட 30 ஆண்டு காத்திருக்க வேண்டும். இடையில் 15ஆம் ஆண்டிலும் 20ஆம் ஆண்டிலும் கழிக்கும் மரங்கள் கட்டடக் கம்புகளாகின்றன. முதிர்ந்த பாக்காவ் மரம் கரிச்சூளைக்குப் போகிறது. காடும் சூளையும் மீன்பிடியும் இன்னும் இருக்கின்றன. ஈயம் மறுபடி முளைக்காது என்பது உண்மைதான். ஆனால் அது தந்த பணத்தில் ஒரு பங்கை ஊரின் பிற்காலத்துக்கு ஒதுக்க எந்தத் தடையும் இருந்திருக்காது.

கோப்பெங்கின் அண்மைக்கால முயற்சிகளில் கவனிக்கத்தக்கது உலு கெரோ. அது மலைச்சரிவில் உள்ள சிமாய் பூர்வகுடிகளின் சிற்றூர். மலேசியாவின் தேசிய வண்ணத்துப்பூச்சியான ராஜா புரூக் அங்கே கனிம ஊற்றுகளில் கூட்டமாக இறங்கி நீர் உறிஞ்சும். அருகே ரஃப்ளீசியா மலரும் பூக்கும். ஒரு காலத்தில் பூச்சியைப் பிடித்துச் சேகரிப்பாளர்களுக்கும், மலர் மொட்டை மருந்துக்கும் விற்றார்கள். மலேசிய இயற்கைக் கழகத்தின் துணையோடு ஊர் மக்களே வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றார்கள். உயிரோடிருக்கும் பூச்சியையும் பூத்திருக்கும் மலரையும் காட்டி வருமானம் பெறுகிறார்கள். கம்பார் ஆற்றில் படகுச் சவாரியும் குவா தெம்புருங் குகையும் வெளியூர்க்காரர்களை இழுக்கின்றன. 2009இல் ஊரின் பழைய பொருள்களைக் கொண்டு கோப்பெங் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 2018இல் கிந்தா பள்ளத்தாக்கு தேசியப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

2009இல் உருவான கம்பார் மாவட்டத்தில் இன்று கோப்பெங் அடங்குகிறது. 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, வட்டாரத் திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். லயங்களில் வாழ்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அடுத்த வரைவு வரும்போது போய்ப் பார்த்து, பள்ளிக்கும் கோயிலுக்கும் குடியிருப்புக்கும் என்ன நிலம் குறிக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டு, கருத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும்.