இலவசம் என்றால் யார் கொடுத்த காசு?



பணி ஓய்வுக்குப் பிறகு இணையத்தில் நான் கேட்கும் இலவசச் சொற்பொழிவுகளின் லிங்க்கை அவ்வப்போது உங்களுக்கு அனுப்பி வருகிறேன். கல்வெட்டு, கோயில் கட்டடக்கலை, சங்க இலக்கியம் என்று வாரம் ஏதாவது ஒன்று இருக்கும். போன வாரம் பழைய மாணவர் ஒருவர், "சார், இவ்வளவையும் சும்மாவா சொல்லித் தர்றாங்க? இதுல அவங்களுக்கு என்ன லாபம்?" என்று கேட்டிருந்தார். இப்போது வியாபாரத்தில் இருக்கும் பிள்ளை. கேள்வியும் அப்படித்தான் வரும். ஆனால் வரலாற்று வாத்தியாருக்கு இது அருமையான கேள்வி. நம் மதுரையை வைத்தே இதற்குப் பதில் சொல்லலாம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரைக்கு வடகிழக்கே மாங்குளம் மலை இருக்கிறது. அங்குள்ள குகைகளில் சமணத் துறவிகளுக்காக வெட்டிய கற்படுக்கைகளும் தமிழி எழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. 1882-இல் இராபர்ட் சுவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி அவற்றைக் கண்டறிந்தார். ஏறத்தாழ 2,200 ஆண்டுப் பழமை உடையவை. அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். துறவிகளின் போதனை ஒரு வரிகூட இல்லை. நெடுஞ்செழியனின் பணியாளரான கடலன் வழுதி செய்து கொடுத்தது, வெள்ளறை வணிகக் குழுவினர் செய்து கொடுத்தது என்று கொடுத்தவர் பெயர்தான் இருக்கிறது. துறவியிடம் போய்க் கேட்டவர்கள் கட்டணம் கட்டவில்லை. கல் வெட்டிய கூலியை வேறு யாரோ கொடுத்திருக்கிறார்கள். சமணர் தங்கிய இடத்துக்குப் பள்ளி என்று பெயர். நாம் படித்த பள்ளிக்கூடத்துக்கும் அந்தச் சொல்லே வந்து சேர்ந்தது என்று அறிஞர்கள் சொல்வார்கள்.

அடுத்து நம் கீழக்குயில்குடி சமணர் மலை. அங்கே 9, 10-ஆம் நூற்றாண்டு வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் தீர்த்தங்கரர் சிற்பங்களைச் செய்வித்தவர்களின் பெயர்கள் உள்ளன. ஆவியூர் அருகே குறண்டியில் திருக்காட்டாம்பள்ளி என்றொரு பெரிய சமணப் பள்ளி இருந்தது. அந்தப் பள்ளியின் மாணாக்கர், அவர்களுடைய மாணாக்கர் என்று தலைமுறை தலைமுறையாகப் பெயர்கள் வருகின்றன. மாங்குளத்தில் அரசு அதிகாரியும் வணிகரும் கொடுத்தார்கள். இங்கே படித்தவர்களே கொடுப்பவர்களாகி விட்டார்கள்.

சமணத்தில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். காஞ்சிபுரம் அருகே கூரத்தில் கிடைத்த செப்பேடு 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது. ஒரு கிராமத்து நிலத்தைப் பங்கு பிரித்துக் கொடுக்கும்போது, மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கு என்றே ஒரு பங்கை அதில் ஒதுக்கியிருக்கிறார்கள். ஊர் மக்கள் உட்கார்ந்து கதை கேட்டார்கள். வாசித்தவருக்கு நிலம் சோறு போட்டது.

இனி நம் காலத்துக்கு அருகில் வருவோம். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் ஒரு சொற்பொழிவுக்காக மதுரை வந்தபோது, பார்த்துக்கொள்ளத் திருக்குறளும் கம்பராமாயணமும் கேட்டாராம். எளிதில் கிடைக்கவில்லையாம். சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த ஊரில் இந்த நிலையா என்ற வருத்தத்தில் பிறந்ததுதான் மதுரைத் தமிழ்ச் சங்கம் என்று சொல்வார்கள். 1901 செப்டம்பர் 14-இல் அது தொடங்கியது. இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி துணை நின்றார். கல்லூரி, நூலகம், அச்சகம், 'செந்தமிழ்' இதழ் எல்லாம் வந்தன. சேதுபதி 1903-லும் தேவர் 1911-லும் காலமானார்கள். அத்தோடு சங்கம் மூடப்பட்டிருக்கலாம். புலவர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் தாங்கிப் பிடித்ததால்தான் இன்றைக்கும் தமிழ்ச் சங்கம் சாலையில் செந்தமிழ்க் கல்லூரி நடக்கிறது.

2010-இல் யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் அமைக்கப் போவதாகப் பேச்சு எழுந்தது. ஊர் மக்கள் எதிர்த்தார்கள். அந்த நேரத்தில் எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் தொடங்கியதுதான் 'பசுமை நடை'. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஒரு மலைக்கு நடந்து போவார்கள். அங்குள்ள கல்வெட்டையும் சிற்பத்தையும் தொல்லியல் அறிஞர் வெ. வேதாசலம் போன்றவர்கள் அந்த இடத்திலேயே நின்று விளக்குவார்கள். கூட்டத்தில் குழந்தைகள் இருப்பார்கள், என்னைப் போன்ற கிழவர்களும் இருப்பார்கள். இங்கே ஜமீன்தார் யாரும் இல்லை. தன்னார்வலர்களின் ஞாயிற்றுக்கிழமைகள்தான் முதலீடு.

இதனால் என்ன லாபம் என்றால், அரிட்டாபட்டியைச் சொல்வேன். அங்கே தமிழிக் கல்வெட்டு உண்டு, பாண்டியர் காலக் குடைவரைக் கோயில் உண்டு, சமணச் சிற்பம் உண்டு. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அது அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அந்தப் பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்த செய்தி வந்தது. கிராம மக்கள் போராடினார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. வெற்றி அந்த மக்களுடையது. ஆனால் "அந்த மலையில் அப்படி என்ன இருக்கிறது?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல மதுரையில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களில் பலர் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் நின்று கேட்டவர்கள்.

இணையத்தின் கதையும் இதே மாதிரிதான். சங்க மதுரையின் நினைவாகப் பெயர் வைத்த 'மதுரைத் திட்டம்' 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வேதியியல் அறிஞராக இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்தினார். உலகெங்கும் உள்ள தமிழர்கள் வேலை முடிந்த நேரத்தில் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் நூல்களை இலவசமாக ஏற்றினார்கள். தேவருக்கு அன்று கிடைக்காத கம்பனும் குறளும் இன்று உங்கள் கைப்பேசியில் கிடைக்கின்றன. 2020 ஊரடங்கில் அரங்கங்கள் பூட்டப்பட்டபோது சென்னைத் தமிழ்ப் பாரம்பரிய அறக்கட்டளை போன்ற அமைப்புகளின் சொற்பொழிவுகள் வீடு தேடி வந்தன. திருமங்கலத்தில் இருப்பவரும் டொராண்டோவில் இருப்பவரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றும் சொல்கிறேன். 1973-இல் பிரான்ஸின் துலூஸ் நகரில் முதியோருக்கான 'மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்' தொடங்கியது. அங்கே பேராசிரியர்கள் வந்து பாடம் நடத்தினார்கள். 1980-களில் பிரிட்டன் அதை மாற்றியது. சம்பளத்துக்கு ஆசிரியர் வேண்டாம். உறுப்பினர்களே தமக்குத் தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். அந்த முறை இன்றும் நடக்கிறது. குறண்டி மாணாக்கர் செய்தது போலத்தான்.

ஆகவே, இலவசக் கல்வி எந்தக் காலத்திலும் சும்மா வரவில்லை. வழுதியும் வணிகரும் பொருள் கொடுத்தார்கள்; பல்லவன் நிலம் கொடுத்தான்; தேவர் செல்வத்தைக் கொடுத்தார்; இப்போதுள்ளவர்கள் நேரத்தைக் கொடுக்கிறார்கள். கொடுப்பவர் ஓய்ந்து, கேட்பவர் அந்த இடத்துக்கு வராவிட்டால் மறு தலைமுறையில் அது நின்றுபோகும். வட்டெழுத்தை வாசித்துக் காட்டக்கூடியவர்கள் சிலரே இருக்கிறார்கள். அவர்களிலும் பலருக்கு வயதாகிவிட்டது.

இன்றைய இணையக் கூட்டங்களில் எனக்கு ஒரு கவலை உண்டு. இரவெல்லாம் படம் தேர்ந்தெடுத்து ஒரு அறிஞர் பேசுகிறார். எதிரே கேமராவை அணைத்துவிட்ட கறுப்புக் கட்டங்கள். "கேள்வி இருக்கிறதா?" என்று கேட்டால் "அருமை ஐயா" என்று நான்கு பேர் தட்டச்சு செய்கிறார்கள். மாதக்கணக்கில் இப்படியே நடந்தால் எவருக்குத்தான் பேசத் தோன்றும்?

உங்கள் பங்கு என்ன என்று கேட்பீர்கள். நேரலையில் வந்து உட்காருங்கள். ஒரு கேள்வியாவது கேளுங்கள். வீட்டில் இருக்கும் அத்தை, சித்தப்பா, தாத்தா, பாட்டிக்கு லிங்க்கைத் திறந்து வைத்து, மியூட்டை எடுப்பது எப்படி என்று காட்டிக்கொடுங்கள். தட்டச்சு தெரிந்தவர்கள் பேச்சை எழுத்தாக்கிக் கொடுங்கள். வசதி உள்ளவர்கள் நடத்துபவர்களுக்கு நூறோ ஆயிரமோ அனுப்புங்கள். வங்கியில், மருத்துவத்தில், வயலில் முப்பது வருடம் கற்றதை மாதம் ஒரு மணி நேரம் நீங்களே சொல்லித் தாருங்கள். ஆள் சேர்க்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

அடுத்த லிங்க்கை வழக்கம்போல் அனுப்புவேன். வருகைப் பதிவு எடுக்கும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்
மதுரை