வீதியின் நடுவில் நின்றவர்கள்

ஆங்கில அரசியல் எழுத்தில் 'மிடில் ஒஃப் த றோட்' என்ற தொடர் அடிக்கடி வரும். வீதியின் நடு என்பது அதன் நேர்ப்பொருள். எந்த ஓரத்துக்கும் போகாத மிதமான கருத்தை அது இன்று குறிக்கிறது. ஆனால், 1890களில் அமெரிக்க மக்கள் கட்சியினுள் இந்தப் பெயரால் அறியப்பட்டவர்கள் மிதவாதிகள் அல்லர். இரு பெரிய கட்சிகளில் எதனோடும் கூட்டுச் சேர மாட்டோம் என்று பிடிவாதமாய் நின்றவர்கள் அவர்கள். விட்டுக்கொடாதவரைச் சுட்டிய தொடர் பின்னாளில் விட்டுக்கொடுப்பவரைச் சுட்டலாயிற்று.

தமிழிலும் இத்தகைய இடமாற்றம் நேர்ந்ததுண்டு. 1907 சூரத் காங்கிரஸில் கோகலே அணியினர் மிதவாதிகள். திலகர் அணியினர் தீவிரவாதிகள். பாரதியாரும் வ.உ.சிதம்பரம்பிள்ளையும் திலகர் பக்கம் நின்றனர். அன்று 'தீவிரவாதி' என்பது ஓர் அரசியல் நிலைப்பாட்டின் பெயர். இன்று அச்சொல்லைக் கேட்பவர் மனத்தில் துப்பாக்கியே தோன்றும்.

ஈழத்தில் 'மிதவாதி' என்ற சொல் பட்ட பாட்டை அறிய ஊர்காவற்றுறைத் தேர்தல் தொகுதியின் வரலாறு ஒன்றே போதும். வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய தீவுகளை உள்ளடக்கிய தொகுதி அது.

கரம்பனைச் சேர்ந்த வி.நவரத்தினம் தமிழரசுக் கட்சியின் முன்னணிச் சிந்தனையாளர். 1957 யூலை 26இல் கைச்சாத்தான பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தப் பேச்சுகளில் பங்குகொண்டவர். தனிநாடு அல்ல, முழுமையான சமஷ்டியும் அல்ல. பிராந்திய சபைகள் என்ற நடுவழியையே அவ்வொப்பந்தம் வகுத்தது. பிக்குமாரின் எதிர்ப்பைத் தொடர்ந்து 1958 ஏப்ரலில் பிரதமர் அதனைக் கைவிட்டார். 1965 மார்ச்சில் டட்லி சேனநாயக்கவுடன் மற்றோர் ஒப்பந்தம் ஏற்பட்டது. இம்முறை மாவட்ட சபைகள். அவையும் அமையவில்லை.

1963 இடைத்தேர்தலில் ஊர்காவற்றுறை உறுப்பினராகிய நவரத்தினம், 1968இல் கட்சியிலிருந்து பிரிந்து, பின்னர் தமிழர் சுயாட்சிக் கழகத்தைத் தொடங்கினார். 1970 மே மாதப் பொதுத்தேர்தலில் தமிழரசுக் கட்சி தன் விஞ்ஞாபனத்தில், நாட்டைப் பிரிக்கக் கோரும் எந்த இயக்கத்துக்கும் ஆதரவளிக்க வேண்டாம் என்று மக்களைக் கேட்டது. தீவக மக்கள் அதற்குச் செவிசாய்த்தனர். நவரத்தினம் தோற்றார். தமிழரசுக் கட்சியின் பண்டிதர் கா.பொ.இரத்தினம் வென்றார்.

அடுத்த ஏழு ஆண்டுகளில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. 1972இல் தமிழர் கோரிக்கைகளுக்கு இடமளியாத குடியரசு யாப்பு வந்தது. 1976 மே 14இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனியரசைக் கோரியது. 1977 யூலைத் தேர்தலில் ஊர்காவற்றுறையில் மீண்டும் இரத்தினமே வென்றார். இம்முறை தமிழீழத்துக்கு ஆணை கேட்ட தமிழர் விடுதலைக் கூட்டணியின் வேட்பாளராக. அதே தொகுதி, அதே வெற்றியாளர். 1970இல் மக்கள் ஒதுக்கிய பாதை ஏழே ஆண்டுகளில் பொதுப்பாதையாகிவிட்டது.

வேடிக்கை அதோடு முடியவில்லை. தனியரசு கோரி வென்ற அந்தக் கூட்டணியையே ஆயுதமேந்திய இளைஞர்கள் 'மிதவாதத் தலைமை' என்று இகழ்ந்தனர். கொழும்புக்கோ அது பிரிவினைக் கட்சி. 1983 ஓகஸ்டில் நிறைவேறிய ஆறாவது திருத்தம் பிரிவினைக்கு எதிரான சத்தியப்பிரமாணத்தைக் கட்டாயமாக்கியது. அதனை ஏற்காத கூட்டணி உறுப்பினர்கள் நாடாளுமன்ற ஆசனங்களை இழந்தனர். 1989 யூலை 13இல் அ.அமிர்தலிங்கமும் வெ.யோகேஸ்வரனும் கொழும்பில் விடுதலைப் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒரு பக்கம் தீவிரவாதி என்றும் மறுபக்கம் துரோகி என்றும் ஒரே மனிதரைப் பார்த்துச் சொன்ன காலம் அது.

அந்த மிதவாதிகள் கோழைகளா, ஏமாளிகளா என்ற விவாதம் புலம்பெயர்ந்தோர் கூடும் இடங்களில் இன்றும் ஓயவில்லை. இரு தரப்பாரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். வீதியின் நடு என்பது கல்நாட்டிய இடமன்று. ஓரங்கள் நகர்ந்தால் அதுவும் நகரும்.

நயினாதீவைப் பற்றிய பழங்கதை ஒன்றுண்டு. மகாவம்சமும் மணிமேகலையும் கூறும் கதை அது. மணியாசனம் ஒன்றுக்காகப் போரிட்ட இரு நாக அரசர்களிடையே புத்தர் வந்து பகை தீர்த்தார் என்பர். அக்கதையில் சமாதானம் நிலைத்ததற்குக் காரணம் நடுவர் மாத்திரமல்லர். இருவரும் படைக்கலத்தைக் கீழே வைத்தனர்.

1957இலும் 1965இலும் நடுவழியில் ஒரு தரப்பு வந்து நின்றது. மற்றத் தரப்பு கையொப்பமிட்டுவிட்டு விலகிப் போயிற்று. தனித்து நின்றவரின் மிதவாதம் தோற்றுப்போனதென்று எழுதுவது எளிது. நடுவழி தோற்கவில்லை, அதில் இருவரும் ஒருநாளேனும் சேர்ந்து நடக்கவில்லை என்பதே இத்தொகுதியின் வரலாறு சொல்லும் செய்தி.