கரைப்பது வேறு, கலப்பது வேறு



எதிரணித் தலைவர் என்ன அழகாகச் சொன்னார்! "பாலில் சர்க்கரை கரையற மாதிரி, வந்தவன் வந்த நாட்டோடு கரையணும்." ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஐயா, கரைந்த சர்க்கரை தன் இனிப்பை விடுவதில்லையே! "இனிப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா" என்றால் என்ன நியாயம்? (கைதட்டல்)

அமெரிக்காவில் அப்படித்தான் சொன்னார்கள். 1914-இல் ஹென்றி ஃபோர்டு தன் கார் தொழிற்சாலையில் நாளொன்றுக்கு 5 டாலர் என்று அறிவித்தார். ஏறக்குறைய இரட்டைச் சம்பளம்! சும்மா இல்லை. கம்பெனி ஆள் வீட்டுக்கே வருவான். வீடு சுத்தமா, குடிக்கிறாயா, பணம் சேர்க்கிறாயா என்று பார்ப்பான். நம்ம ஊர் மாமியாரெல்லாம் தோத்தாங்க போங்க! (சிரிப்பு)

வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்குக் கம்பெனியே ஆங்கிலப் பள்ளியும் வைத்தது. அதன் பட்டமளிப்பு விழாவைக் கேளுங்கள். மேடையில் பிரம்மாண்டமான கொப்பரை. சொந்த நாட்டு உடையும் மூட்டையுமாக வந்து தொழிலாளிகள் அதற்குள் இறங்குவார்கள். வாத்தியார்கள் நீளக் கரண்டியால் கிண்டுவார்கள். கோட்டு சூட்டும் கையில் அமெரிக்கக் கொடியுமாக வெளியே வருவார்கள்!

ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தது தப்பா? இல்லை, அது சோறு போட்டது. அதற்காகத் தாய் உடுத்திவிட்ட துணியைக் கொப்பரையில் போடணுமா?

அடுத்துச் சட்டமே வந்தது. 1919-இல் நெப்ராஸ்கா மாநிலத்தில், எட்டாம் வகுப்புத் தேறும்வரை பள்ளியில் அந்நிய மொழி கற்பிக்கக் கூடாது என்றார்கள். ராபர்ட் மேயர் என்ற ஆசிரியர் 10 வயதுப் பிள்ளைக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுத்தார். அபராதம்! 1923-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டமே செல்லாது என்றது.

ஆனால் அதே நாட்டில் ஜேன் ஆடம்ஸ் என்று ஓர் அம்மையார். சிகாகோவில் குடியேறியவர்களுக்காக ஹல் ஹவுஸ் நடத்தியவர். அங்கே ஓர் இத்தாலியச் சிறுமி சமையல் வகுப்புக்கு வருவாள். தாயை முன்வாசலில் விட்டுவிட்டு, தான் பக்கவாசல் வழியாகப் போவாள். முக்காடு போட்ட பட்டிக்காட்டு அம்மாவோடு சேர்ந்து போக வெட்கம்!

ஜேன் ஆடம்ஸ் என்ன செய்தார்? 1900-இல் அங்கேயே ஒரு தொழில் அருங்காட்சியகம் திறந்தார். அங்கே அந்தத் தாய் தக்கிளியில் நூல் நூற்றுக் காட்டினாள். படித்தவர்கள் சுற்றி நின்று வியந்தார்கள். மகள் பார்த்தாள். பிறகு தாய் வரும் வாசல் வழியாகவே அவளும் வந்தாள். (பலத்த கைதட்டல்)

தாயைப் பார்த்துப் பிள்ளை கூசினால் அது கரைப்பது. தாயும் பிள்ளையும் ஒரே வாசலில் நுழைந்தால் அது கலப்பது. ஆகவே, தன்னை இழக்காமல் கலப்பதே நன்று என்று கூறி அமர்கிறேன்.