கையறுநிலை: இரங்கலில் வாழும் வரலாறு

மன்னர் பெற்ற வெற்றிகளைக் கல்லும் செப்பேடும் காத்தன. மக்கள் பட்ட துயரைக் காத்தது கவிதையே. இவ்வுண்மையை விளக்கப் புறநானூற்றினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மாண்டோரை எண்ணி எஞ்சியோர் புலம்புவதைக் ‘கையறுநிலை’ எனத் தொல்காப்பியம் வகுத்தது. அது காஞ்சித்திணையின் துறைகளுள் ஒன்று. அத்திணையின் பொருளோ உலகத்தின் நிலையாமை. போருக்கும் வாகைக்கும் இலக்கணம் கண்ட அதே நூல் கண்ணீருக்கும் இலக்கணம் கண்டது. அழுகையை நம் முன்னோர் இழிவாகக் கருதவில்லை என்பதற்கு இதுவே சான்றன்றோ?

பறம்புமலையை மூவேந்தரும் முற்றுகையிட்டனர், பாரி மாண்டான். சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையே அப்பறம்பு என்பர். அவன் மகளிர் பாடியது ஐந்தே அடிகள் (புறம் 112). சென்ற திங்களின் நிலவில் தந்தையும் குன்றும் தமக்கு இருந்தமையையும், இத்திங்களின் நிலவில் இரண்டும் இல்லாமையையும் அவர்கள் கூறுகின்றனர். நிலவு மாறவில்லை, வாழ்வு மாறிவிட்டது. பகைவரைப் பழித்து ஒரு சொல்லும் அதில் இல்லை. வென்ற வேந்தர் பெருமையினும் தோற்ற மகளிரின் ஐந்தடிகளே இன்று நம் நெஞ்சில் நிற்கின்றன.

மற்றொரு புலவர் இரங்கியது இறந்த மனிதரை எண்ணி அன்று. இறந்துபோன தம் இளமையை எண்ணி (புறம் 243). மணற்பாவைக்குப் பூச்சூட்டியதும், ஆற்றோர மருத மரத்திலேறிக் கரையிலுள்ளோர் வியக்க மடுவில் பாய்ந்து அடிமணலை அள்ளி வந்ததும் அவர் நினைவில் எழுகின்றன. இன்றோ கையில் ஊன்றுகோல், பேச்சினிடையே இருமல். அவர் இயற்பெயரும் மறைந்துவிட்டது. பாட்டில் வரும் தொடரைக் கொண்டே ‘தொடித்தலை விழுத்தண்டினார்’ என அவரை அழைக்கிறோம். பெயர் அழிந்தது; அவர் அள்ளிய மணல் அழியவில்லை.

ஒரு வீட்டில் சாப்பறையும் மறுவீட்டில் மணமுழவும் ஒருங்கே ஒலிக்கக் கண்டவர் பக்குடுக்கை நன்கணியார் (புறம் 194). இவ்வாறு படைத்தவன் பண்பற்றவன் என அவர் துணிந்து கடிந்தார். ஆயினும் அங்கே நின்றுவிடவில்லை. உலகின் இயல்பை உணர்ந்தோர் அதனுள் இனியவற்றைக் காண வேண்டும் என்றார். நிலையாமையை உணர்தல் வாழ்வை வெறுப்பதற்கன்று. கிடைத்த நாளை அன்போடு போற்றுவதற்கே என்பது அவர் கருத்து.

சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள் நிறைந்த நம் ஆஸ்டின் டவுனில் இப்பாட்டுக்கு உரையே வேண்டா. 1809 முதல் பெங்களூர்த் தண்டு வளர்ந்தபோது படையோடும் பணியோடும் தமிழர் பலர் இங்கு வந்தனர். பின்னும் பிழைப்பு நாடிப் பலர் வந்தவண்ணம் இருந்தனர். ஊரில் தந்தை மறைந்த செய்தி தந்தியாக வந்து, இரவு வண்டியேறிப் போய்ச் சேர்வதற்குள் எரியூட்டு முடிந்துவிட்ட கதை நம்மிடையே எத்தனை குடும்பங்களில் உண்டு! விட்டு வந்த குளத்தையும் தோப்பையும் எண்ணும் நம் முதியோர் ஒவ்வொருவரும் ஒரு விழுத்தண்டினாரே.

1894-இல் உ. வே. சாமிநாதையர் ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் புறநானூற்றை அச்சேற்றினார். நானூறு பாடல்களுள் 267, 268 ஆகிய இரண்டும் கிடைக்கவில்லை. அவற்றில் எவர் துயர் இருந்ததோ, இனி அறிவார் யார்?

அவ்விழப்பு காலத்தால் நேர்ந்தது. நம் வீட்டு முதியோர் நினைவுகள் அழியுமாயின், அது நம் சோம்பலால் நேர்வதாகும். தமிழ் எழுதப் பழகும் பிள்ளைகள் பாட்டனாரின் அருகமர்ந்து அவர் ஊரின் பெயரையும், ஆற்றின் பெயரையும், அவர் இழந்தோர் பெயரையும் கேட்டு எழுதட்டும். மொழிப்பயிற்சிக்கு இதனினும் நல்ல பாடம் இல்லை. ஐந்து வரியாயினும் போதும்.