ஊத்துக்குளி வெண்ணெயின் வரலாறு



ஒரு நாட்டின் வரலாறு அரசர் பெயர்களிலும் போர்க்களங்களிலும் மட்டும் அடங்கிவிடுவதன்று. மளிகைக் கடையில் நம் இல்லத்தார் வாயாரக் கேட்டு வாங்கும் பண்டங்களின் பெயர்களிலும் அது பொதிந்து கிடக்கின்றது. திருப்பூரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் நம்மவர் மஞ்சள் என்று வாளா கேளார். ஈரோட்டு மஞ்சள் என்பர். நாட்டுச் சர்க்கரை எனின் கவுந்தப்பாடி. பஞ்சாமிருதம் எனின் பழனி. தேங்காயெண்ணெய் எனின் காங்கயம். ஊரைச் சொல்லிப் பொருளைக் கேட்பது நம் நாட்டின் பழைய வழக்கம். விற்பவனை அறியாதவிடத்தும் ஊர்ப்பெயரே பிணை நின்று பொருளின் தூய்மைக்குச் சான்று கூறும். இங்ஙனம் பெயர் பெற்ற பண்டங்களுள் நமக்கு மிக அண்மையில் உள்ளது ஊத்துக்குளி வெண்ணெய். அப்பெயர் எவ்வாறு பிறந்தது, எதனால் வளர்ந்தது, இன்று எந்நிலையில் நிற்கின்றது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

ஊத்துக்குளி திருப்பூருக்குக் கிழக்கே, ஈரோடு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் உள்ளது. ஊற்றுக்குழி என்னும் பெயரே ஊத்துக்குளி என மருவிற்று என்பர். கதித்தமலை முருகன் கோயிலால் அவ்வூர் பலரும் அறிந்ததே. மேற்கு மலைத்தொடரின் மறைவிற் கிடத்தலால் இப்பகுதிக்கு மழை குறைவு. நெல் விளையும் நன்செய் சிறிது. சோளமும் கம்பும் விளையும் புன்செய்க் காடுகளே பெரிது. வானம் பொய்த்த ஆண்டில் கழனி கைவிடினும் கால்நடை கைவிடாது என்பதை நம் முன்னோர் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். அண்டையிலுள்ள காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கங்களில் கொறங்காடு என்னும் மேய்ச்சற் காடுகளை அவர் போற்றி வந்தனர். முட்கிளுவையை நட்டு உயிர்வேலி அமைத்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லை வளரவிட்டு, இடையிடையே வெள்வேல் மரங்களை நிறுத்துவது அக்காட்டின் அமைப்பு. புல் காய்ந்த கோடையில் வெள்வேலின் காய்கள் உதிர்ந்து மாட்டுக்கு உணவாகும். வறண்ட நிலத்தைக் கொண்டே வளமான பால் பெறும் வழி இது.

கொங்கு நாட்டார்க்கும் ஆனிரைக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று ஏற்பட்டதன்று. பதிற்றுப்பத்து, கொங்கரை ஆக்களை உடையவர் என்றே குறிக்கின்றது. நெய் விற்ற மகளிரைப் பற்றிய அழகிய செய்தி ஒன்று, தொண்டைமான் இளந்திரையன்மீது கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் உளது. விடியலில் தயிர் கடைந்து மோர் விற்று, அதற்கு ஈடாகப் பெற்ற பொருளால் சுற்றத்தை உண்பிக்கும் ஆய்மகள் ஒருத்தி, நெய்க்கு விலையாகப் பொன்னை ஏற்றுக்கொள்ளாள். எருமையும் பசுவும் கன்றுமே வேண்டிப் பெறுவாள் என்பது அச்செய்தி. பொன்னைப் பெற்றால் அது பெட்டியில் உறங்கும். எருமையைப் பெற்றால் மறுநாளும் நெய் உண்டு என்பதை அவள் அறிந்திருந்தாள் போலும்! இவ்வறிவை அன்பர்கள் மனத்திற் கொள்ள வேண்டுகின்றோம். பின்னர் இதற்கு மீள்வோம்.

இனி, வெண்ணெய் ஏன் இவ்வூர்களின் வாணிபப் பொருளாயிற்று? விடை எளிது. கறந்த பால் வெயிற்காலத்தில் சில நாழிகைக்குமேல் நில்லாது. குளிரூட்டும் பொறி இல்லாத காலத்தில் ஒரு சிற்றூரின் பால் அடுத்த நகரத்துக்குச் செல்ல வழியில்லை. ஆகவே காய்ச்சி, உறைமோர் ஊற்றி, மறுநாள் மத்தினாற் கடைந்து வெண்ணெயாக்கினர். தண்ணீரிலோ மோரிலோ இட்ட வெண்ணெய் சந்தைவரை செல்லும்; முருங்கைக்கீரை இட்டுப் பதமாக உருக்கிய நெய்யோ திங்கட்கணக்கில் நிற்கும். எனவே வெண்ணெயும் நெய்யும் ஊரைவிட்டுப் புறப்படத் தெரிந்த பால் எனலாம். காங்கயம் இனம் உழவுக்கும் வண்டிக்கும் பெயர்பெற்றதேயன்றிப் பாலிற் பெரிது அன்று. ஆதலின் வெண்ணெய்க்கு எருமையே பெருந்துணை. பசும்பாலில் கொழுப்பு நூற்றுக்கு நான்கு அளவில் இருக்க, எருமைப்பாலில் ஆறு முதல் எட்டு வரை உண்டு.

இவ்வேலையைச் செய்தவர் பெரும்பாலும் பெண்டிர். மாட்டை விலை பேசியவர் ஆடவர். அதன் பாலைப் பொருளாக்கியவர் அவ்வீட்டுப் பெண்கள். கடைந்த மோர் வீட்டார்க்கும் பண்ணையத்தில் உழைப்போர்க்கும் ஆயிற்று. வெண்ணெய் வாரச்சந்தைக்குச் சென்றது. உப்பும் புளியும் அக்காசில் வந்தன. இத்தொழிலில் பல குலத்தாரும் கைகோத்திருந்தனர். ஆதலின் ஊத்துக்குளி வெண்ணெயின் புகழ் எந்த ஒரு குலத்தின் தனியுடைமையும் அன்று என்பதை நம் சங்கத்தார் மறவாதிருத்தல் வேண்டும்.

அப்புகழை ஊருக்கு வெளியே கொண்டு சென்றது புகைவண்டி. சென்னையையும் மேலைக் கடற்கரையிலுள்ள பேப்பூரையும் இணைத்த இருப்புப்பாதை 1862ஆம் ஆண்டளவில் ஈரோடு, போத்தனூர் வழியாக நிறைவெய்திற்று. சுற்றுப்புறத்துச் சிற்றூர்களில் திரண்ட வெண்ணெய் நிலையம் இருந்த ஊரின் பெயரைப் பூண்டது. ஒரு பண்டம் பல ஊர்களில் விளைந்தாலும், அது வண்டியேறும் ஊரே பெயர் பெறும் என்பது வாணிப வரலாற்றில் அடிக்கடி காணும் உண்மை. நிலையத்தை அடுத்து வெண்ணெய்க் கடைகள் இன்றும் உள. பாற்பொருளிலிருந்து பெருங்கடை வளர்ந்ததற்குப் பிறிதோர் எடுத்துக்காட்டும் உண்டு. 1905இல் நீலகிரிப் பக்கத்தில் பாற்பண்ணையாகத் தொடங்கிய நீல்கிரீஸ் நிறுவனம், 1936இல் பெங்களூரிற் கடை கண்டு, பின்னர்ப் பலசரக்கு அங்காடியாகவே விரிந்தது.

புகழ் உள்ளவிடத்துப் போலி தோன்றுதல் இயல்பு. 1918இலேயே சென்னை மாகாணத்தில் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. 1930களில் வனஸ்பதி பரவிற்று. டால்டா என்னும் வணிகப் பெயர் அப்பொருளுக்கே பொதுப்பெயர் ஆகுமளவு ஊன்றியது. வனஸ்பதி தன் பெயரால் விற்கப்படும்போது குற்றமில்லை. நெய்யின் பெயரைத் திருடிக்கொள்ளும்போதுதான் குற்றம். அதனைக் காட்டிக்கொடுக்க அரசினர் ஓர் உபாயம் செய்தனர். வனஸ்பதியில் நூற்றுக்கு ஐந்து பங்கேனும் நல்லெண்ணெய் கலந்திருத்தல் வேண்டும் என்று விதித்தனர். நல்லெண்ணெய் சேர்ந்த கொழுப்பு சோதனைச் சாலையில் இரசாயன நீர் பட்டால் செந்நிறம் காட்டும். ஆனால் நல்லெண்ணெய் சேராத பாமாயில் முதலியவற்றை நெய்யில் கலந்தால் இச்சோதனைக்கு அகப்படா. 1937இல் அக்மார்க் முத்திரைக்கு அடிப்படையான சட்டமும், 1954இல் நாடு முழுமைக்கும் கலப்படத் தடைச் சட்டமும், 2006இல் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தன.

எனினும், ஊத்துக்குளி வெண்ணெயின் பழைய நிலையை மாற்றியதில் போலியைவிடப் பால் வாணிபத்துக்கே பங்கு பெரிது என்பது நம் கருத்து. 1946இல் குஜராத்தின் ஆனந்த் நகரில் தோன்றிய கூட்டுறவு முறையும், 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டமும், 1981இல் அமைந்த தமிழ்நாட்டுப் பால் உற்பத்தியாளர் இணையமாகிய ஆவினும் சிற்றூர்களுக்குப் பால் நிலையங்களைக் கொணர்ந்தன. குளிரூட்டிய வண்டியில் பால் பாலாகவே பயணம் செய்தது. காலையில் ஊற்றிய பாலுக்கு உரிய காசு உறுதியாயிற்று. உழவர்க்கு இது பெருநன்மை. அதனைக் குறைகூறுதல் நன்றியின்மையாகும். ஆயினும் பாலை வெண்ணெயாக்க வேண்டிய கட்டாயம் போயிற்று. வீடுகளில் மத்து ஓய்ந்தது. தயிர் கடைந்த வெண்ணெயின் இடத்தில் பொறியினாற் பிரித்த பாலேட்டு வெண்ணெய் மிகுதியாக வந்தது. அதுவும் நல்ல பொருளே. ஆனால் உறைந்து புளித்த தயிரினின்று வரும் மணம் அதற்கு இல்லை.

மற்றொரு மாற்றம் நம் கண்முன் நிகழ்ந்தது. 1930களில் வேரூன்றி, 1970களின் இறுதியில் கடல்கடந்த வாணிபமாகத் தொடங்கிய பனியன் தொழில், வானம் பார்த்த காட்டினரைக் கம்பெனிக்கு அழைத்தது. நம் குடும்பங்கள் பலவற்றுக்கு அது கல்வியும் வீடும் தந்தது. அதே வேளையில், மாடு மேய்க்க ஆளின்றிப் பட்டிகள் வெறுமையாயின. சாயக்கழிவு நொய்யலிற் கலந்தது. ஒரத்துப்பாளையம் அணையிலும் அதன் கீழுள்ள பாசனப் பகுதியிலும் நீர் கெட்டது. 2011இல் சாயப்பட்டறைகளை மூடுமாறு உயர்நீதிமன்றம் ஆணையிட்டதும், கழிவுநீரை வெளிவிடாத முறை வற்புறுத்தப்பட்டதும் யாவரும் அறிந்தவை. மாடு குடிக்க நீரில்லாத ஊரில் வெண்ணெய்க்குப் பெயர் மட்டும் எத்தனை நாள் நிற்கும்?

ஆகவே வாங்குவோர் விழிப்பாயிருத்தல் வேண்டும். அதற்கு எளியதொரு கணக்கு உண்டு. ஒரு கிலோ எருமை வெண்ணெய்க்கு ஏறத்தாழ 11 அல்லது 12 லிட்டர் பால் வேண்டும். நெய்க்கு 14 அல்லது 15 லிட்டர். பசுநெய் எனின் ஏறத்தாழ 25 லிட்டர். மோரும் கொழுப்பெடுத்த பாலும் தனியே விலைபோகும் என்பதைக் கழித்துப் பார்த்தாலும், பாலின் விலையோடு சிறிதும் ஒவ்வாத மலிவான நெய்யைக் கண்டால் ஐயுறுதல் அறிவுடைமை. நிறத்தையும் நோக்குக. பசுநெய் இயல்பாகவே மஞ்சள், எருமைநெய் வெண்மை. வெளுத்திருத்தல் குறையன்று, மஞ்சளாயிருத்தல் மட்டுமே தூய்மைக்குச் சான்றும் அன்று.

ஊர்ப்பெயரைக் காக்க 1999இல் புவிசார் குறியீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் 2019இல் ஈரோட்டு மஞ்சளும் பழனிப் பஞ்சாமிருதமும் பதிவு பெற்றமை கொங்கு நாட்டார்க்கு மகிழ்ச்சியே. ஆனால் சட்டம் பெயரைத்தான் காக்கும், மாட்டுக்குப் புல்லிடாது. வெண்ணெய் என்பது மேய்ச்சற் காடு, மாடு, கடையும் கை என்னும் மூன்றின் கூட்டு. இவற்றுள் ஒன்று அழியினும் எஞ்சுவது வெறும் விளம்பரப் பலகையே.

பெரும்பாணாற்றுப்படையின் ஆய்மகள் நெய்யின் விலையை மீண்டும் எருமையாகவே பெற்றாள் என்று மேலே கூறினோம். நாமோ காட்டையும் மாட்டையும் விற்றுப் பொன்னாக்கி, அப்பொன்னைக் கொண்டு கடைதோறும் நல்ல வெண்ணெய் தேடுகின்றோம். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை இதுவன்றோ! ஆதலின் சங்கத்தார்க்குச் சில சொல்ல விரும்புகின்றோம். கொறங்காடு இன்னும் உடையோர் அதனை மனைகளாகப் பிரித்து விற்குமுன் ஒருமுறைக்கு இருமுறை எண்ணுக. நகரத்து அன்பர்கள், பண்டிகைக்கும் திருமணத்துக்கும் வேண்டும் வெண்ணெயை, எருமை வளர்த்துக் கடைந்து விற்கும் குடும்பங்களிடம் முன்னரே சொல்லிவைத்து, உரிய விலை கொடுத்து வாங்குக. விலையைக் குறைக்கச் சொல்லும் வாயே கலப்படத்துக்கு வழிவகுக்கும். மத்துப் பிடிக்கத் தெரிந்த பாட்டிமார் இன்னும் பலர் நம் இல்லங்களில் உளர். அவர்தம் பதத்தையும் பக்குவத்தையும் பேத்திகளும் பேரன்களும் அருகிருந்து கற்றுக்கொள்க. அவ்வாறு செய்யின், ஊத்துக்குளி என்னும் பெயர் நம் பிள்ளைகள் காலத்திலும் பொருளோடு கூடிய பெயராக விளங்கும்.