நீண்ட ஆயுளும் இரட்சிப்பும்: ஒரு பழைய வாக்கின் வரலாறு

பெங்களூருக்குத் தெற்கே, ஓசூர் செல்லும் பெருவழியில் ஹெப்பகோடி என்னும் ஊர் உள்ளது. பொம்மசந்திரத் தொழிற்பேட்டையை நம்பி வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் அங்குப் பல. ஆண்டுப் பிறப்பின் நள்ளிரவு ஆராதனையில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டையை எடுத்து, அதனைச் சுவரில் மாட்டி வைப்பது தமிழ்க் கிறிஸ்தவரிடையே நிலவும் வழக்கம். குடிபெயர்ந்தோருடன் அவ்வழக்கமும் குடிபெயர்ந்து வந்துள்ளது. அவ்வட்டைகளில் பலரும் விரும்பும் வாக்குகளுள் ஒன்று, சங்கீதம் தொண்ணூற்றொன்றின் இறுதி அடியாகும். தன்பால் அன்பு கொண்டவனை நெடிய ஆயுளால் நிறைவு செய்வதாகவும், தன் இரட்சிப்பை அவனுக்குக் காட்டுவதாகவும் இறைவன் அதில் கூறுகிறான். 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் இச்சங்கீதம் உலகெங்கும் ஓதப்பட்டது. கொள்ளைநோயைப் பற்றிய பேச்சு அதில் வெளிப்படையாகவே இருப்பதால் அது வியப்பன்று. ஆயினும், ஓதியவர் அனைவரும் பிழைத்தாரல்லர். அங்ஙனமாயின் அந்த வாக்கின் பொருள்தான் யாது? நேயர்களே, இவ்வினா இன்று புதிதாகத் தோன்றியதன்று.

முதலில் மூலச் சொற்களைக் காண்போம். எபிரேயத்தில் உள்ள தொடர் 'நாட்களின் நீளம்' என்று பொருள்படும். அதே தொடர் இருபத்துமூன்றாம் சங்கீதத்தின் முடிவிலும் வருகிறது. ஆங்கிலத்தின் புகழ்பெற்ற 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு ஓரிடத்தில் நீண்ட ஆயுள் என்றும், மற்றோரிடத்தில் என்றென்றைக்கும் என்றும் இதனை வேறுவேறாகப் பெயர்த்தது. நம் தமிழ் மொழிபெயர்ப்போ இரண்டிடத்தும் நீடித்த நாட்கள் என்றே வைத்தது. மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு, இவ்விடத்தில் தமிழர் செய்ததே நேர்மையான செயலாகத் தோன்றுகிறது.

'நிறைவு செய்தல்' என்பதற்குரிய சொல் உண்டு வயிறு நிறைதலைக் குறிப்பது. ஆபிரகாம், ஈசாக்கு, தாவீது, யோபு ஆகியோர் இறந்த செய்தியைக் கூறுமிடத்து, அவர்கள் 'நாட்கள் நிறைந்து' மாண்டனர் என்னும் பொருள்பட அச்சொல்லின் உறவுச் சொல்லே ஆளப்பட்டுள்ளது. எனவே எண்ணிக்கை மட்டுமே அங்குக் கருத்தன்று. விருந்துண்டவன் 'போதும்' என்று இலையை மூடுவது போன்ற நிறைவே கருத்து. இச்சங்கீதத்திற்கு முந்திய தொண்ணூறாம் சங்கீதம் மனிதனுக்கு எழுபது, மிஞ்சினால் எண்பது ஆண்டு என்று கணக்கிட்டு, அவையும் வருத்தமே என்று புலம்புகிறது. அடுத்த ஏட்டிலேயே இந்த வாக்கு வருவதைச் சேர்த்துப் படித்தல் வேண்டும்.

இரட்சிப்பு என்னும் சொல்லும் தொடக்கத்தில் மறுமையைச் சுட்டியதன்று. போர், பிணி, பகை முதலிய இடுக்கண்களினின்று விடுவித்தலையே அது குறித்தது. காலப்போக்கில் பொருள் விரிந்தது. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த அகுஸ்தீனார், நெடிய நாட்கள் என்பது முடிவிலா வாழ்வே என உரை கண்டார். இங்கு வாழும் ஆண்டுகள் எத்தனையாயினும் அவை ஒரு நாள் முடிவன. முடிவதனை நெடியது என்று எங்ஙனம் கூறலாம் என்பது அவர் வாதம். மற்றொரு புறம், பொதுமக்கள் இச்சங்கீதத்தைக் காப்பு மந்திரமாகவே கையாண்டனர். கிரேக்க மொழியில் இதன் அடிகளை எழுதி அணிந்த தாயத்துகள் பல எகிப்தில் கிடைத்துள்ளன. சாக்கடற்கரையில் கும்ரானின் பதினோராம் குகை 1956ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டபோது, பேய்களை ஓட்டும் பாட்டுகளோடு இச்சங்கீதமும் சேர்த்து எழுதப்பட்ட சுருளொன்று அங்கு வெளிப்பட்டது. யூதர்கள் இதனைச் சவ அடக்கத்தின்போதும் ஓதுவர். நெடிய ஆயுளை உரைக்கும் பாட்டு இடுகாட்டில் ஓதப்படுவது முரண் எனத் தோன்றலாம். அகுஸ்தீனாரின் உரையை நினைவிற் கொண்டால் அது அத்துணை முரணன்று. நற்செய்தி நூல்களில் இச்சங்கீதத்தை மேற்கோள் காட்டுபவன் சாத்தான் என்பதையும் மறத்தலாகாது. கோபுரத்தினின்று குதித்துப் பார், தூதர் தாங்குவர் என்கிறான் அவன். வாக்கினை ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டு கடவுளைச் சோதித்தல் ஆகாது என்பதே அவன் பெற்ற மறுமொழி.

இனி இவ்வாக்கு தமிழுக்கு வந்த கதை. 1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1714, 1715ஆம் ஆண்டுகளில் அச்சிட்டார். பழைய ஏற்பாட்டில் ரூத்தின் வரலாறு வரை வந்தார், சங்கீதத்தை எட்டவில்லை. 1719ஆம் ஆண்டு, முப்பத்தாறாம் வயதில், அவ்வூரிலேயே மறைந்தார். எஞ்சிய பகுதியைப் பெஞ்சமின் சூல்ட்சே முடித்தார். அதன்பின் அப்பணியைப் புதுக்கியவர் பப்ரீசியஸ். 1740இல் தமிழகம் வந்து, சென்னையில் அரை நூற்றாண்டுக் காலம் வாழ்ந்து, 1791இல் எண்பது வயதில் மறைந்தார். ஆனால் அந்த எண்பதில் முதுமைப் பகுதி துயரமானது. பொருள் விவகாரங்களில் சிக்கி, கடனுக்காகச் சிறையிலும் கிடந்தார். ஆயுள் குறுகியவர் ஒருவர். ஆயுள் நீண்டும் அல்லலுற்றவர் ஒருவர். வாக்கினைத் தமிழர் கையில் கொடுத்தவர்களின் வாழ்வே அதற்கு எளிய விளக்கம் இல்லை என்பதைக் காட்டுகிறது.

இங்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. சீகன்பால்கு எழுதிக் கொண்டிருந்த தரங்கம்பாடிக்குச் சில மைல் தொலைவில்தான் திருக்கடையூர் உள்ளது. பதினாறு வயதே விதிக்கப்பட்ட மார்க்கண்டேயனுக்காகச் சிவபெருமான் காலனை உதைத்த தலம் அது. இன்றும் அறுபது நிறைந்தோர் மணிவிழாவும், எண்பது கண்டோர் சதாபிஷேகமும் செய்துகொள்ள அங்குச் செல்கின்றனர். ஹெப்பகோடியினின்றும் பெற்றோரை அழைத்துக்கொண்டு செல்லும் பிள்ளைகள் இருப்பர். அபிராமி பட்டர் அங்கு வாழ்ந்தது 1712 முதல் 1728 வரை ஆண்ட முதலாம் சரபோசியின் காலம் என்பது மரபு. அங்ஙனமாயின் பட்டரும் சீகன்பால்கும் ஏறத்தாழ ஒரே காலத்தினர், ஒரே கரையினர். மார்க்கண்டேயன் கதையிலும் 'என்றும் பதினாறு' என்பது ஆண்டுக் கணக்கன்று. வள்ளுவர் முதல் அதிகாரத்திலேயே நீடு வாழ்தலைப் பேசுகிறார். அதற்குப் பரிமேலழகர், மேலான வீட்டுலகில் அழிவின்றி வாழ்தல் என உரைத்தார். ஆப்பிரிக்கக் கரையில் அகுஸ்தீனார் சென்ற வழியிலேயே காஞ்சியின் உரையாசிரியரும் சென்றார், ஒருவரையொருவர் அறியாமலே.

இனி மொழிபெயர்ப்பாளன் கவனிக்கவேண்டியது இரண்டாம் பாதி. இரட்சிப்பு வடசொல், காத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். போவர் தலைமையிலான குழு உருவாக்கி 1871இல் முழுமையாக வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு அச்சொல்லை நிலைநிறுத்தியது. கிருஷ்ணப் பிள்ளை 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்தின் பெயரிலும் அதே வேர் உள்ளது. ஹெப்பகோடியில் பக்கத்து வீட்டுக் கன்னடத்தார் தம் வேதாகமத்தில் ரக்ஷணெ என்றே படிக்கின்றனர். தெலுங்கரும் மலையாளரும் அவ்வேரினின்றே தம் சொல்லைக் கொண்டனர். தமிழர் மட்டும் 1995ஆம் ஆண்டின் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் மீட்பு என்னும் தனித்தமிழ்ச் சொல்லுக்கு மாறினர். கேட்க இனிய சொல், எவருக்கும் விளங்கும். ஆயின் நாம் அடகு வைத்த நகையையும் மீட்கிறோம். விலை கொடுத்துத் திரும்பப் பெறுதல் என்னும் நிழல் அச்சொல்லை விடாது தொடர்கிறது. எபிரேயத்தில் அப்பொருளுக்கு வேறு சொற்கள் உண்டு. ஐக்கிய மொழிபெயர்ப்பும் அவற்றுக்கென மீட்பைத் தனியே வைத்திருந்தது. சங்கீதத்தின் இவ்வடியில் எவரும் விலை கொடுக்கவில்லை. இடுக்கணுற்றவனை ஒருவர் கைதூக்குகிறார், அவ்வளவே. ஆகவே வடமொழிச் சொல்லாயினும், இவ்விடத்திற்குப் பழைய சொல்லே நெருங்கியது என்பது என் துணிபு.

வினைச்சொல்லையும் ஒருமுறை நோக்குங்கள். ஆயுளைக் குறிக்குமிடத்தில் நிறைவு செய்வேன் என்கிறது வாக்கு. இரட்சிப்பைக் குறிக்குமிடத்திலோ கொடுப்பேன் எனவில்லை, காட்டுவேன் என்கிறது. காணுதற்குக் கண் திறந்திருந்தால் போதும். ஆண்டுகளின் எண்ணிக்கை அதற்கு வேண்டுவதில்லை. முப்பத்தாறில் மாண்டவரையும், எண்பதில் நொந்து மாண்டவரையும் இவ்வாக்கு கைவிடாமலிருக்க இடமளிப்பது அந்த ஒரு வினைச்சொல்லே.